முதலில் மாடத்தைப் பாருங்கள், பிறகு இயந்திரத்தை

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: புதிதாக அமைக்கும் சமையலறையில் ஓவன், இண்டக்சன் அடுப்பு, டிஷ்வாஷர், பிரிட்ஜ் நான்கையும் அலமாரிக்குள் பதித்துவைக்கும் பில்ட்-இன் வகையாக வாங்கப்போகிறீர்கள், பதினைந்து ஆண்டு தொந்தரவில்லாமல் ஓடுவது எந்த நிறுவனத்தின் சாமான், நான்கையும் ஒரே நிறுவனத்தில் எடுப்பது நல்லதா. ஆனால் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பழுதானால் அலமாரியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள்." உங்களை உறுத்துவது அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நியாயமான பயம்தான். இருபது ஆண்டுக்கு மேலாக இவற்றைக் கழற்றி, பழுதுபார்த்து, திரும்ப மாட்டுவது என் தொழில். விற்பனையில் எனக்குப் பங்கில்லை.

எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்கிறவரை நம்பாதீர்கள். நானே சொன்னாலும் நம்பாதீர்கள். என் கண்ணில் படுவது பழுதானவை மட்டும். நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் காட்டுவதற்காக யாரும் என்னை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. அதிகம் விற்கும் நிறுவனத்தின் இயந்திரங்களே அதிகமாக என்னிடம் வரும். அதை வைத்து அது மட்டம் என்று முடிவுகட்டுவது ஊரில் நிறையப் பேருக்கு இருக்கும் பெயரைப் பார்த்து அந்தப் பெயர்க்காரர்களுக்குத்தான் காய்ச்சல் வருகிறது என்பது போன்றது. வாங்கியவர்கள் போடும் நட்சத்திரங்களும் பெரிதாக உதவாது. பெரும்பாலும் அவை முதல் மாதத்து மகிழ்ச்சியில் போடப்பட்டவை. பத்தாண்டு உழைத்ததா என்று தெரிந்துகொள்ளப் பத்தாண்டு ஆக வேண்டும். அதற்குள் அந்த மாடலையே நிறுத்திவிட்டிருப்பார்கள்.

பெயருக்குப் பின்னால் இருப்பவர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். போஷ், சீமென்ஸ், நெஃப், காகனாவ் நான்கும் பி.எஸ்.எச். என்ற ஒரே குழுமத்தினுடையவை. 1967இல் போஷும் சீமென்ஸும் சேர்ந்து தொடங்கிய அந்தக் கூட்டு நிறுவனம் 2015 முதல் முழுக்கப் போஷின் கையில் இருக்கிறது. ஏ.இ.ஜி., ஜனுசி இரண்டும் எலெக்ட்ரோலக்ஸினுடையவை. கொரென்யே 2018இல் ஹைசென்ஸ் வசம் போனது. வேர்ல்பூலின் ஐரோப்பியத் தொழில் 2024இல் பெக்கோ ஐரோப்பா என்ற புது நிறுவனத்துக்குள் சென்றுவிட்டது. எனவே கடையில் இரண்டு பெயர்ப்பலகைகளுக்கு இடையில் நீங்கள் தவித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே இரண்டிலும் ஒரே பம்பு இருக்கக்கூடும். அப்பா காலத்து இயந்திரம் முப்பது ஆண்டு உழைத்தது என்பதற்காக அதே பெயரில் இன்று வருவதும் உழைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒரே நிறுவனத்தின் மலிவு வரிசைக்கும் மேல் வரிசைக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு நிறுவனங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மீலே நிறுவனம் தன் சாதனங்களை 20 ஆண்டுப் பயன்பாட்டுக்கு ஈடாகச் சோதிப்பதாகச் சொல்கிறது. பிரித்துப் பார்த்தால் கனமும் செய்நேர்த்தியும் தெரியத்தான் செய்கின்றன. உதிரி பாகத்தின் விலைச்சீட்டைப் பார்க்கும்போதும் அவை தெரியும்.

நிறுவனம் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மாடத்தைப் பற்றி நிறையச் சொல்ல முடியும். இயந்திரம் போய் உட்காரும் அந்த இடத்தைத்தான் மாடம் என்கிறேன். தனியாக நிற்கும் பிரிட்ஜ் பழுதானால் தள்ளிவிட்டு வேறொன்றை நிறுத்திவிடலாம். பில்ட்-இன் அப்படியில்லை, பத்தாண்டு கழித்து வரப்போகும் அடுத்த இயந்திரமும் அதே மாடத்துக்குள்தான் நுழைய வேண்டும். ஆகவே ஊரோடு ஒத்த அளவையே எடுங்கள். ஐரோப்பிய முறையில் ஓவனுக்கு 60 செ.மீ. அலமாரி, உள் அகலம் 56 செ.மீ., உயரம் ஏறத்தாழ 60, ஆழம் குறைந்தது 55. டிஷ்வாஷருக்கு 60 செ.மீ. அகலம், 82 முதல் 87 செ.மீ. உயரம். பிரிட்ஜுக்கு 56 செ.மீ. அகலமும் 178 செ.மீ. உயரமும் கொண்ட மாடம். இந்த அளவுகளுக்குப் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும். வட அமெரிக்காவில் அளவு முறை வேறு, அங்கே அங்குலக் கணக்கு. எந்த முறையாக இருந்தாலும் பலரும் செய்கிற அளவை விட்டு விலகாதீர்கள். 90 செ.மீ. ஓவன், அகலமான பிரிட்ஜ், இரட்டை ஓவன் என்று போனால், அந்த அளவைச் செய்கிறவர்கள் குறைவு. அவர்கள் நிறுத்திவிட்ட நாளில் உங்கள் அலமாரி அனாதை.

அடுப்பில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் அங்கே வெட்டப்படுவது கல். 60 செ.மீ. இண்டக்சன் அடுப்பு பலவற்றுக்கு 56 க்கு 49 செ.மீ. வெட்டு போதும்; ஆனால் அது எல்லாருக்கும் பொது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள், வாங்கிய மாடலின் பொருத்தும் படத்தைப் பார்த்தே வெட்ட வேண்டும். மேடைக் கல்லோடு கண்ணாடி சமமாக நிற்கும்படி கல்லைச் செதுக்கிப் பதிக்கும் முறை ஒன்று உண்டு. பார்க்க அழகு. அந்த அடுப்பு போனால் அதே அளவு, அதே மூலை வளைவு உள்ள இன்னோர் அடுப்பைத் தேடி அலைய வேண்டும். கல்லின் மேல் விளிம்பு படிந்து உட்காரும் சாதாரண வகையே என் வீட்டில் இருக்கிறது.

இனிப் பிரிட்ஜ். இரண்டே ஆண்டில் கம்ப்ரசர் போய்விட்டது, நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். போய்ப் பக்கத்து அலமாரியைத் திறந்து உள்சுவரில் கை வைத்தேன். இஸ்திரி போட்டு எடுத்த துணியைத் தொட்டதுபோல் இருந்தது. கீழே அடிப்பலகையைக் கழற்றினால், காற்று நுழையும் வலைச் சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் முழுப் பலகை. ஏணி போட்டு மேலே பார்த்தேன். அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பூச்சி வரும் என்று பிளைவுட் துண்டால் மூடி, சுற்றிலும் சிலிகான் பூசியிருந்தார் தச்சர். வேலை சுத்தம், ஓர் இடத்தில்கூடக் கோணல் இல்லை. பிரிட்ஜ் தன் சூட்டைப் பின்பக்கமாக மேலே தள்ள வேண்டும். கீழிருந்து குளிர்ந்த காற்று வர வேண்டும். இரண்டு வழியும் அடைபட்டால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி மாய்ந்துபோகும். பொருத்தும் கையேடுகளில் பொதுவாகக் கேட்பது உள்ளே வரவும் வெளியே போகவும் தலா 200 சதுர செ.மீ. திறப்பு, அதாவது 20 க்கு 10 செ.மீ. அளவுள்ள ஒரு துவாரம். இதைத் தச்சரிடம் வாயால் சொல்லாதீர்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து அலமாரியிலேயே ஒட்டிவிடுங்கள்.

பிரிட்ஜில் இன்னும் இரண்டு விஷயங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் தட்பவெப்ப வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். எஸ்.என். என்றால் அறை வெப்பம் 10 முதல் 32 டிகிரி வரை, என். 16 முதல் 32 வரை, எஸ்.டி. 38 வரை, டி. 43 வரை. சமையலறை சூடேறும் வீடு என்றால் 32 டிகிரியோடு நிற்கும் பிரிட்ஜை வாங்கிவிட்டு அதைக் குறை சொல்லக் கூடாது. அடுத்தது கதவு. பில்ட்-இன் பிரிட்ஜின் கதவையும் அதற்கு முன்னால் வரும் மரக் கதவையும் இணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் மரக் கதவு அலமாரியின் கீல்களில் தொங்கும், நடுவே ஒரு சறுக்குப் பட்டை இரண்டையும் சேர்க்கும். இன்னொன்றில் மரக் கதவை நேரே பிரிட்ஜ் கதவின் மீதே திருகிவிடுவார்கள். பாரம் முழுவதையும் பிரிட்ஜின் கனமான கீல் தாங்கும். கிடைத்தால் இரண்டாவதையே எடுங்கள். சறுக்குப் பட்டை நாளடைவில் தளர்ந்து, கதவு ஒரு நூல் திறந்தே நின்று, உள்ளே பனி படிந்ததை எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். கம்ப்ரசருக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற பொருளுக்கு மட்டும். வாயு நிரப்புவது, கூலி, மின்னணுப் பலகை எல்லாம் உங்கள் கணக்கில்தான் வரும்.

நான்கில் நிச்சயமாகப் பழுதுபார்க்க வேண்டிவருவது டிஷ்வாஷர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், சூடு, உப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, மின்சாரம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அதில் வருகிற பழுதுகளில் பாதி சின்னவை. தண்ணீர் வெளியேறவில்லை என்று கூப்பிட்டால், வடிகட்டியை எடுத்துவிட்டு, வெளியேற்றும் பம்பின் மூடியைக் கழற்றி விரலை விடுவேன்; கண்ணாடி டம்ளரின் சில்லோ எலும்புத் துண்டோ சக்கரத்தில் சிக்கியிருக்கும். (வெறும் விரலை விடாதீர்கள். எனக்கு அந்தத் தழும்பு இருக்கிறது.) திடீரென நின்றுபோய் பம்பு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால், எங்கோ கசிந்த தண்ணீர் அடித்தட்டில் தேங்கி, அங்குள்ள மிதவை மேலே வந்திருக்கிறது என்று பொருள். மிதவை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அதைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் கசிவு எங்கே என்று பார்க்க இயந்திரம் வெளியே வந்தாக வேண்டும்.

வெளியே வருவதில்தான் சிக்கல். ஒரு புது வீட்டில் முதலில் டிஷ்வாஷரை வைத்து, பிறகு அதன் முன்கால்வரை தரை ஓடு பதித்திருந்தார்கள். இயந்திரம் நிற்கும் தரை பழையது. முன்னால் இருக்கும் தரை ஓட்டின் கனத்துக்கு உயர்ந்துவிட்டது. மேலே கல் மேடை. காலைச் சுருக்கினாலும் மேலேயும் போகாது, முன்னாலும் வராது. கடைசியில் ஓடு இரண்டைப் பெயர்த்துத்தான் எடுத்தோம். நீங்கள் பயந்த "உடைத்து எடுப்பது" பெரும்பாலும் இப்படி நேர்வதுதான். இயந்திரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தரை ஓட்டை மாடத்தின் பின்சுவர்வரை ஒரே மட்டத்தில் போடச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயும் பிளக்கும் இயந்திரத்தின் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பக்கத்தில் சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியில் இருக்கட்டும். கழிவுநீர்க் குழாயை ஒரு வளைவு மேலே ஏற்றிவிட்டு இறக்குங்கள், இல்லாவிட்டால் சிங்க் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். தண்ணீர் கடினமானது என்றால் அதன் அளவைச் சோதித்து, முதல் நாளே இயந்திரத்தில் அந்த எண்ணைப் பதிந்து, உப்பும் போட்டுவிடுங்கள். உள்ளே தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் மென்மையாக்கி அந்த உப்பால்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மரக் கதவைப் பொருத்திய பிறகு அதன் கனத்துக்கு ஏற்பக் கதவின் ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். கதவு பாதியில் விட்டாலும் தடால் என்று விழக் கூடாது.

ஓவனில் எனக்குப் பெரிய கவலை இல்லை. வெப்பக் கம்பி, மின்விசிறி, கதவு ரப்பர், கீல் ஆகியவைதான் வழக்கமாகப் போகும், எல்லாவற்றையும் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். நாலு திருகைக் கழற்றினால் ஓவன் முன்னால் வந்துவிடும். போனால் கையைக் கடிப்பது முன்பக்க மின்னணுப் பலகையும் தொடுதிரையும். திருகுக் குமிழ் உள்ளதையே வாங்குங்கள் என்பேன். பிடிக்காவிட்டால் அது உங்கள் விருப்பம். மைக்ரோவேவும் ஓவனும் ஒன்றாக இருக்கும் வகையில் ஒன்று போனால் இரண்டும் இல்லாமல் உட்கார வேண்டும். 450 டிகிரிக்கு மேல் சூடேற்றி அழுக்கைச் சாம்பலாக்கும் தானே-சுத்தமாகும் வசதியைப் பற்றிக் கேட்பார்கள். வேலை செய்கிறது, உண்மை. அந்தச் சூடு பலகையின் ஆயுளைக் குறைக்கிறது என்பது என் சந்தேகம். அந்தச் சுற்றை ஓட்டிய மறுநாள் "ஓவன் உயிரே இல்லை" என்று வரும் அழைப்புகளை வைத்துச் சொல்கிறேன், நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பல நேரம் அங்கே வெப்பப் பாதுகாப்பு இணைப்பு மட்டும் துண்டித்திருக்கும். விருந்தாளிகள் வரும் நாளுக்கு முந்தைய இரவில் மட்டும் அதை ஓட்டாதீர்கள். சமைத்து முடித்ததும் சுவர் ஸ்விட்சை உடனே அணைக்கும் பழக்கமும் வேண்டாம். ஓவனை அணைத்த பிறகும் குளிர்விக்கும் விசிறி சிறிது நேரம் ஓடுவது பலகையைக் காப்பாற்றத்தான்.

இண்டக்சன் அடுப்பு முழுக்க மின்னணுச் சாதனம், அதற்குச் சூடுதான் எமன். அடியில் விசிறி காற்றை இழுக்கிறது. கீழ் இழுப்பறையில் துணியையும் காகிதத்தையும் திணித்து வைத்தால் அது மூச்சுத் திணறும். அடியில் கையேடு சொல்லும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். நான்கு அடுப்புள்ளது முழு வேகத்தில் 7 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக்கூடும், அதற்குத் தனி மின்கம்பி வேண்டும். உங்கள் இணைப்பு அவ்வளவு தாங்காது என்றால், மொத்தச் சக்தியைக் குறைத்து அமைக்கும் வசதி உள்ள மாடலைத் தேடுங்கள், பலவற்றில் இருக்கிறது. கண்ணாடி விரிசல் விட்டால் மாற்றுக் கண்ணாடியின் விலை புது அடுப்பின் விலையை எட்டிப்பிடிக்கும். அடுப்பின் நடுவிலேயே புகை உறிஞ்சும் அமைப்புள்ள வகை இப்போது விருப்பமாகிவருகிறது. இரண்டு இயந்திரம் ஒரே உடலில் என்பதால் எனக்கு அதில் தயக்கம் உண்டு. தனிச் சிம்னி வைத்தால் 15 செ.மீ. குழாயைக் குறுக்காமல், வளைவுகளைக் குறைத்து வெளியே கொண்டுபோங்கள். அறையின் கனஅளவைப் பத்தால் பெருக்கினால் மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்பது வந்துவிடும், அதற்கு மேல் எண்ணைத் துரத்த வேண்டாம்.

நான்கும் ஒரே நிறுவனமா? கைப்பிடியும் குமிழும் ஒத்துப்போகும், ஓர் எண்ணுக்கு அழைத்தால் போதும். நம்பகத்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓவனும் அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் என்பதால் அவற்றை ஒரே இடத்தில் எடுங்கள். மரக் கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும் பிரிட்ஜும் டிஷ்வாஷரும் யாருடையவை என்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது; அங்கே நல்லதை மட்டும் தேடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் எண்ணுக்கு அழைத்து, வாங்கப்போகும் மாடலின் கதவு ரப்பர் என்ன விலை, மின்னணுப் பலகை என்ன விலை, உங்கள் வீட்டுக்கு ஆள் வர எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அதுவே பதில். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் பிரிட்ஜுக்கும் டிஷ்வாஷருக்கும் அந்த மாடல் விற்பனையிலிருந்து போன பிறகும் முக்கிய உதிரி பாகங்களைக் குறைந்தது 7 ஆண்டும், கதவு ரப்பர் போன்றவற்றை 10 ஆண்டும் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஐரோப்பாவிலும் விற்கப்படும் மாடலை எடுத்தால் அந்தப் பாகங்கள் உலகில் எங்காவது இருக்கும் என்ற ஆறுதலாவது உண்டு. கூடுதல் உத்தரவாதம் விற்க வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அலமாரியிலிருந்து கழற்றி, திரும்ப மாட்டும் கூலியும் அதில் சேர்ந்ததா? சேராது என்றால் நான் வாங்க மாட்டேன்.

வீட்டு வேலை முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தள்ளுபடி என்று வாங்கிப் பெட்டியோடு அடுக்கிவைக்காதீர்கள். உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். முதலில் மாடல்களை முடிவுசெய்து, அவற்றின் பொருத்தும் படங்களைத் தச்சரிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் கொடுத்துவிடுங்கள். மாட்டும் முன் ஒவ்வொன்றின் மாடல் தகட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு சில தகடுகள் கண்ணுக்குத் தெரியாது, உதிரி பாகம் கேட்கும்போது முதல் கேள்வியே அந்த எண்தான். எல்லாம் மாட்டி முடித்து, தச்சருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், டிஷ்வாஷரை ஒருமுறை முழுவதும் வெளியே இழுத்துத் திரும்ப உள்ளே தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.